சிறப்பு விருந்தினரின் மூக்குக்கண்ணாடி

ஜனவரி 6, செவ்வாய்

சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேல்நிலைப் பள்ளியிலிருந்து தலைமையாசிரியர் போன் செய்தார். இது சாலைப் பாதுகாப்பு மாதமாம். வருகிற 22ஆம் தேதி பிள்ளைகளுக்கு நான் அரை மணி நேரம் பேச வேண்டுமாம். "கவர்மெண்டு பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர் நீங்க. ரோட்டப் பத்தி உங்களவிட யாருக்கு சார் தெரியும்?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று கொஞ்சம் பிகு பண்ணியிருக்கலாம். உடனே சரி சொல்லிவிட்டேன்.

செசிலியிடம் சொன்னேன். "சிங்கராயர் சார் கையில மைக்கக் குடுத்தா பிள்ளைங்க கதி என்னாகுறது?" என்று சிரித்தாள். கட்டிய மனைவியிடம் எனக்கு இருக்கும் மரியாதை இவ்வளவுதான்.

மத்தியானம் கோழிக்கூட்டுக்கு வலை கட்டினேன். கட்டைவிரலில் கம்பி கிழித்துவிட்டது.

ஜனவரி 9, வெள்ளி

செசிலி இன்று தனியாக ஸ்கூட்டரில் மாதா கோயிலுக்குப் போய், பாடகர் குழுப் பயிற்சியை முடித்துத் திரும்பிவிட்டாள். ஐம்பத்தாறு வயதில் வண்டி பழகியவள். வாசலுக்கு வந்ததும் தேவையே இல்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்தாள். நான் எட்டிப் பார்க்க வேண்டுமாம். பார்த்தேன். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

போய்வரத்தான் ஏகப்பட்ட நேரம் ஆகிறது. நான்குவழிச் சாலை வந்ததில் எங்கள் வேலம்பட்டிப் பிரிவு இரண்டாகிவிட்டது. வீடுகள் இந்தப் பக்கம். கோயில், பள்ளி, ரேஷன் கடை எல்லாம் அந்தப் பக்கம். முறைப்படி போவதென்றால் இடது கைப்பக்கம் திரும்பி மதுரை வழியில் இரண்டு கிலோமீட்டர் போய், பாலத்தடியில் புகுந்து, மறுபக்கம் அதே தூரம் திரும்பி வர வேண்டும். வலது கைப்பக்கம் திரும்பினால் கூப்பிடு தூரத்தில் நடுத்தடுப்பில் ஓர் இடைவெளி இருக்கிறது. எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாகவே போய் அதில் நுழைந்துவிடலாம். ஊரில் யாரும் இதை ராங் சைடு என்று சொல்ல மாட்டோம். 'ஓரமா வர்றது' என்போம். பால்காரர் முதல் பங்குச்சாமியார் வரை எல்லோரும் ஓரமாகத்தான் வருகிறார்கள். நானும்தான்.

செசிலி மட்டும் சுற்றித்தான் போவேன் என்கிறாள். எதிரே லாரி வந்தால் கை நடுங்குகிறதாம். புதிதாகப் பழகியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாகிவிடும்.

ஜனவரி 13, செவ்வாய்

பேச்சை எழுதி முடித்துவிட்டேன். நல்ல வெள்ளைத் தாளில் நான்கு பக்கம். ஹெல்மெட், செல்போன், குடிபோதை, எதிர்ப்புறப் பயணம் என்று எதையும் விடவில்லை. 'சாலையில் நாம் மிச்சம் பிடிக்கும் நிமிடத்தை யாரும் நம் ஆயுளில் சேர்ப்பதில்லை' என்று ஒரு வரி, தானாக வந்து விழுந்தது. செசிலி அவரைக்காய் ஆய்ந்துகொண்டே கேட்டாள். அந்த வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

"நல்லாருக்குங்க. நெசமாவே நல்லாருக்கு" என்றாள். பிறகு, "ஆனா ஓரமா வர்ற ஆளு இதச் சொல்லலாமா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேச்சு வேறு, புழக்கம் வேறு என்றேன். அவள் அவரைக்காயைப் பார்த்துச் சிரித்தாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மகள் நிர்மலா திருப்பூரிலிருந்து வரவில்லை. மாப்பிள்ளைக்கு விடுப்பு இல்லையாம். பேச்சைச் சொல்லிப் பார்த்தேன். தாளைப் பார்க்காமலேயே வருகிறது. ஓரிடத்தில் தடுமாறினேன். செசிலி அடுப்படியிலிருந்தே அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள்.

ஜனவரி 21, புதன்

வெள்ளைச் சட்டை தேய்த்தாயிற்று. நாளை என்னை அழைத்துப்போக உடற்பயிற்சி ஆசிரியர் பைக்கில் வருகிறார். சிறப்பு விருந்தினர் ஓரமாக வந்து இறங்கினால் பிள்ளைகள் சிரிக்கும். சுற்றியே போகச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 24, சனி

திருச்சி. மருத்துவமனை வராந்தா. எழுதாமல் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் வரும்போது நிர்மலா துணிப்பையில் டைரியையும் போட்டு எடுத்து வந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை காலையில் செசிலியை ஒரு குட்டியானை இடித்துவிட்டது. வாழைத்தார் ஏற்றி வந்த சின்ன சரக்கு வண்டி. எனக்கு ஒரு சாமான் கொடுப்பதற்காக வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள். நான் பள்ளி வாசலில் நின்றிருந்தேன். எனக்கு எதிர்ப்பக்கச் சாலையில் நடந்தது. கண்ணால் பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை.

நான் தடுப்பைத் தாண்டி ஓடுவதற்குள் அந்த டிரைவர் பையன் அவளைத் தூக்கி, தார்களுக்கு நடுவே சாக்கை விரித்துப் படுக்க வைத்துவிட்டான். ஆம்புலன்சுக்குக் காத்திருக்கவில்லை. நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை. முதலில் போன மணப்பாறை ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோன பிறகு அவன் என்னிடம் வந்து, "சார், இது ரோட்டுல கெடந்துச்சு. அம்மாவோடதான்னு நெனைக்கிறேன்" என்று என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். வாங்கிய கையாலேயே அவனை எல்லோர் முன்னாலும் அறைந்தேன்.

கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

கண் விழிக்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். தலையில் உள்ள வீக்கம் வடிய வேண்டுமாம். பொறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம். பெரிய டாக்டர் இதையே மூன்று விதமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்தார். "நீங்கதான சார் நேர்ல பாத்தது? அம்மா எந்தப் பக்கமா வந்தாங்க?" என்று கேட்டார். அந்தப் பையன், பெயர் வீரமலையாம், தொட்டியத்துக்காரன், அம்மா எதிர்ப்பக்கமாக வந்தார்கள் என்று சொல்லியிருக்கிறான்.

"வரல. ஓரத்துல நின்னுக்கிட்டிருந்தா. இவன்தான் கண்ணுமண்ணு தெரியாம வந்து ஏத்துனான்" என்றேன். எழுதிக் காட்டினார். கண்ணாடியைப் போட்டுப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அவன் வண்டியையும் லைசென்சையும் வாங்கி வைத்துவிட்டார்களாம்.

கண்ணுமண்ணு தெரியாமல்தான் ஓட்டுகிறார்கள். அதில் என்ன பொய் இருக்கிறது?

ஜனவரி 30, வெள்ளி

கண் விழித்தாள். என்னைப் பார்த்து முதலில் சொன்னது: "கோழிக்குத் தண்ணி வச்சீங்களா?"

கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அன்றைய காலை அவள் நினைவில் இல்லை. முந்தின நாள் சட்டை தேய்த்தது வரைக்கும் இருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரிக் கூரைதான். தலையில் அடிபட்டால் அப்படி ஒரு துண்டு போய்விடுமாம். திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வராமல் போகட்டும் என்று நினைத்தேன். நினைத்த உடனே மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

நர்ஸ் பெண்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்களாம். அவர்களை நிறுத்தி என் பேச்சை ஒப்பிக்கிறாள். 'யாரும் நம் ஆயுளில் சேர்ப்பதில்லை' என்று விரலை ஆட்டி அவள் சொல்ல, வார்டே சிரிக்கிறது. "எங்க வீட்டுக்காரரு எழுதுனது" என்று என்னைக் காட்டினாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

நிர்மலா அம்மாவின் செல்போனைச் சார்ஜ் போட்டுத் திறந்திருக்கிறாள்.

"அப்பா, அன்னைக்குப் பத்து மணிக்கு முன்னாடி நீங்க அம்மாவுக்குப் போன் பண்ணிருக்கீங்க."

"ஆமா. கண்ணாடிய மறந்துட்டேன். கொண்டுவரச் சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அம்மா எப்பவும் சுத்தித்தான வருவாங்க? அவங்க ஏன் அந்த இடைவெளிப் பக்கம் வந்தாங்க?"

தெரியவில்லை என்றேன். அவள் என்னையே பார்த்தாள். அவளுக்கு அவள் அம்மாவின் கண். பிறகு காப்பி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள்.

பிப்ரவரி 14, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஊரே வந்து பார்த்தது. வந்தவர்களில் பாதிப் பேர் ஓரமாகத்தான் வந்தார்கள்.

இரவு ரசம் வைத்தேன். புளி கூடிவிட்டது. "நல்லாத்தான் இருக்கு" என்று மூன்று கரண்டி ஊற்றிக்கொண்டாள். பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொல்லும்போது பார்க்கச் சகிக்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். அவள் போக முடியாது என்பதால் பங்குச்சாமியாரே வீட்டுக்கு வந்து நெற்றியில் சாம்பல் பூசினார். எனக்கும் பூசினார். செய்த பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறீர்களா என்று கேட்டார். செசிலி செய்தாள். நான், அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

வாக்கர் பிடித்து வாசல் வரை நடந்தாள். ஸ்கூட்டர் மீது தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். அதைத் தூக்கி, நசுங்கிய முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். இனி வண்டி ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும்.

"எனக்கு என்னங்க புத்தி கெட்டுப்போச்சு அன்னைக்கு?" என்றாள். "அந்த இடைவெளிப் பக்கம் நான் வரவே மாட்டேனே. அம்பத்தாறு வயசுல வண்டி ஓட்டுன திமிருதான். நானே தேடிக்கிட்டேன். உங்களையும் போட்டுப் படுத்துறேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "விடு, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். பெருந்தன்மையாக மன்னிப்பவன் மாதிரி தோளில் கை வேறு வைத்தேன். அந்தக் கையை என்ன செய்வதென்று இப்போதும் தெரியவில்லை.

பிப்ரவரி 25, புதன்

நெடுஞ்சாலைத் துறைக்கு மனு எழுதினேன். தடுப்பு இடைவெளியை மூட வேண்டும், இந்தப் பக்கமிருந்தே அந்தப் பக்கம் போக ஒரு சுரங்கப்பாதை வேண்டும், எச்சரிக்கைப் பலகை வேண்டும், விளக்கு வேண்டும். ஊரை இரண்டாக வெட்டிவிட்டு, நான்கு கிலோமீட்டர் சுற்றி வா என்றால் எந்த மனிதன் வருவான்? எழுத எழுத ஆத்திரம் பொங்கியது. எழுதியது எல்லாமே நியாயம். படித்துப் பார்த்தபோது, நியாயத்தை இவ்வளவு நீளமாக எழுதுகிறவன் வேறு எதையோ எழுதாமல் இருக்கிறான் என்று தோன்றியது.

இருந்தாலும் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 4, புதன்

வீரமலை வீட்டுக்கு வந்துவிட்டான். பஸ்ஸில் வந்து இறங்கி, விசாரித்து நடந்தே வந்திருக்கிறான். கையில் ஒரு சீப்பு பூவன்பழம். வாசலுக்கு உள்ளே வரவில்லை.

"அம்மா எப்புடி இருக்காங்க சார்?"

"இருக்கா."

"லைசென்ஸ் இல்லாம தெனம் கூலிக்குத்தான் போறேன் சார். அதுகூடப் பரவால்ல. ஊருல என்னைப் பொம்பள மேல வண்டிய ஏத்துனவன்னு சொல்றாங்க. அம்மா எதுக்கத்தான் வந்தாங்க. நான் பிரேக்க அழுத்திப் புடிச்சேன். நீங்க அந்தப் பக்கம் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான சார் இருந்தீங்க?"

"போலீஸ்ல சொல்றதச் சொல்லிட்டேன். போப்பா" என்று கதவைச் சாத்தினேன். பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

உள்ளே செசிலி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அந்தப் புள்ளதான என்னைத் தூக்கிட்டுப் போனது?"

"ம்."

"அது பொய் சொல்ற புள்ளையாத் தெரியலங்க. நான்தான் எதுக்கப் போயிருப்பேன். நீங்க பதட்டத்துல சரியாப் பாத்திருக்க மாட்டீங்க. என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க. தப்பு என்னுதுன்னு நானே எழுதிக் குடுத்துடுறேன். தவக்காலம் அதுவுமா அடுத்த வீட்டுப் பிள்ள பாவம் நமக்கெதுக்கு?"

நடக்க முடியாதவள், நினைவில்லாத குற்றத்துக்குக் கையெழுத்துப் போடக் கிளம்புகிறாள்.

மார்ச் 5, வியாழன்

தூங்கவில்லை. விடிந்ததும் செசிலியிடம் ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சுற்றித்தான் போனேன்.

முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய் என்றேன். ஏட்டையா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என்ன சார், பெரிய உத்தியோகத்துல இருந்தவரு, இப்புடி வெளையாடுறீங்க?" என்றார். புதிதாக எழுதி வாங்கிக்கொண்டார். அங்கே சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

அன்று பள்ளியில் விழா ஆரம்பித்துவிட்டது. இறைவாழ்த்து பாடி முடித்துவிட்டார்கள். சட்டைப்பையைத் தடவினால் கண்ணாடி இல்லை. செசிலிக்குப் போன் செய்தேன். இதோ வருகிறேன், சுற்றி வர நேரமாகும் என்றாள். "சுத்திக்கிட்டு நிக்காத, ஓரமா வந்துடு" என்றேன். எனக்குப் பயமா இருக்குங்க என்றாள். "ஊரே வருது, உனக்கு மட்டும் என்ன? சீக்கிரம் வா, பேரைக் கூப்புடப் போறாங்க" என்றேன். இவ்வளவுதான் நடந்தது. நான் ஆசிரியர் பைக்கில் சுற்றிக்கொண்டு கௌரவமாகப் போய் இறங்கியவன்.

வீரமலையையும் வரச் சொல்லியிருந்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கையைக்கூடப் பிடித்தேன். மெதுவாக உருவிக்கொண்டான்.

"அன்னைக்கு நீங்க அடிச்சது வலிக்கல சார். வீட்டம்மாவுக்கு அடிபட்டா யாரா இருந்தாலும் அடிப்பாங்கன்னுதான் நெனைச்சேன். இன்னைக்குத்தான் வலிக்குது."

சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டான்.

மார்ச் 6, வெள்ளி

செசிலியிடம் சொன்னேன். காலைக் கஞ்சிக்குப் பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போனில் பேசியதை ஒரு வார்த்தை விடாமல். ஸ்டேஷனில் சொன்னதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவள் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே கோழி கத்திக்கொண்டிருந்தது. பிறகு கேட்டாள்:

"கண்ணாடி இல்லாம உங்களுக்கு எழுத்து தெரியாது, சரி. ஆனா அந்தப் பேச்சுதான் உங்களுக்கு மனப்பாடமாச்சே?"

காலிக் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன்.

"பொங்கல் அன்னைக்கு நான்தான அடுப்படியிலருந்து எடுத்துக் குடுத்தேன்? ஒரே ஒரு எடத்துலதான் நின்னீங்க. மத்ததெல்லாம் கடகடன்னு வந்துச்சே. அப்புறம் எதுக்குங்க கண்ணாடி?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் வராது என்று தெரிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கம்பி வைத்த காலைத் திருப்ப அவளுக்கு இன்னமும் யாராவது உதவ வேண்டும். என்னைக் கூப்பிடவில்லை. தானே இரண்டு கையாலும் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பதில் எனக்குத் தெரியும். வெள்ளைச் சட்டையோடு மேடையில் நிற்க வேண்டும். கையில் தாள் இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை நிதானமாக எடுத்து மாட்டிக்கொண்டு, அதற்கு மேலாகப் பிள்ளைகளை ஒரு பார்வை பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பெரிய மனிதனாகத் தெரிவேன் என்று நினைத்தேன். கண்ணாடி அதற்குத்தான். இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன். என்றைக்காவது அவள் மறுபடி கேட்டால் சொல்லிவிடுவேன்.

மார்ச் 19, வியாழன்

கேட்கவில்லை. சாப்பாடு, மருந்து, கோழி, பால். இவை பற்றிப் பேசுகிறாள். ரசத்தில் புளி அதிகம் என்று இன்று சொன்னாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

உயிர்ப்புப் பெருவிழா, ஈஸ்டர். பாடகர் குழுவில் முதல் பாட்டை எப்போதும் செசிலிதான் எடுப்பாள். இந்த முறையும் எடுக்கச் சொல்லிப் பங்குச்சாமியார் ஆள் அனுப்பியிருந்தார். அலமாரிக்குள் இருந்த நீலப் புடவையைக் கேட்டாள். வாக்கரை மடித்து ஆட்டோவில் வைத்தேன். நான் கிளம்புவதில் கொஞ்சம் நேரமாகிவிட்டது. சாலைக்கு ஏறியதும் அந்தப் பக்கத்துக் கோயில் மணி அடித்தது. ஆட்டோக்காரர் நேரத்தைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல வண்டியை வலது பக்கம் ஒடித்தார்.

"சுத்திப் போங்க தம்பி" என்றாள் செசிலி.

"மணி அடிச்சிருச்சும்மா. பாட்டுக்கு நீங்க இருக்கணும்ல? ஓரமாப் போனா ரெண்டே நிமிசம்."

"நான் இல்லன்னா வேற யாராச்சும் பாடுவாங்க. நீங்க சுத்திப் போங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டி திரும்பி மதுரைப் பக்கம் ஓடியது. பாலத்தடியில் நுழைந்து மறுபக்கம் ஏறித் திரும்பி வந்தோம். தடுப்புக்கு அப்பால் அவள் அடிபட்ட இடம் கடந்து போனபோது அவள் நேரே முன்னால் பார்த்தபடி இருந்தாள். கோயிலுக்குள் நாங்கள் நுழையும்போது முதல் பாட்டு முடிந்திருந்தது.